காற்று மசாஜ் மெஷின் அம்மாவின் கை வீக்கத்துக்கு உதவுமா?

கேள்வி கேட்டவர் பள்ளி ஆசிரியை. அவருடைய அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மார்பகத்தில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்திருக்கிறார்கள். சில மாதமாக அந்தக் கை கனக்கிறது, சாயந்திரமானால் உப்புகிறது. மகளுக்கோ நாள் முழுக்க வகுப்பில் நின்று நின்று கால் கடுப்பு. "கைக்கும் காலுக்கும் மாட்டுகிற காற்று மசாஜ் மெஷின் ஒன்று பார்த்தேன். நிணநீரை மெதுவாக ஓடவைக்கும், வலியைக் குறைக்கும், உடம்பிலுள்ள கழிவை வெளியேற்றும் என்று போட்டிருக்கிறார்கள். ஒன்று வாங்கினால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகுமா?" என்று கேட்கிறார்.

உங்களுக்கு ஆகும். அம்மாவுக்கு, கையை ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை, வேண்டாம். நான் பதினேழு வருடமாக நிணநீர் வீக்கம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். இந்த மெஷின்களை மாட்டியும் விட்டிருக்கிறேன், கழற்றித் தூக்கிப் போடவும் சொல்லியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிணநீர் என்ற வார்த்தை பள்ளிப் பாடத்தோடு பலருக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் நெறி கட்டுவது எல்லோருக்கும் தெரியும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று திரண்டு வலிக்கும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே. அந்த நெறிகள்தான் நிணநீர் முடிச்சுகள். உடம்பில் ஏறக்குறைய 600 இருக்கின்றன. ரத்தக்குழாயிலிருந்து தசைக்குள்ளும் தோலுக்கடியிலும் கசிகிற நீரில் ஒரு பகுதி, பாடப்புத்தகக் கணக்கில் நாளைக்கு 3 லிட்டர் போல, மெல்லிய குழாய்கள் வழியாக இந்த முடிச்சுகளில் வடிகட்டப்பட்டு, கடைசியில் காரை எலும்புக்குப் பின்னால் ரத்தத்தோடு சேர்கிறது. அக்குள் நெறிகளை எடுத்துவிட்டால் கையிலிருந்து வரும் வாய்க்காலின் மதகையே எடுத்த மாதிரி. தண்ணீர் சுற்றுவழி தேடும். சிலருக்கு வழி கிடைத்துவிடும், சிலருக்குத் தேங்கும். அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. முதல் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது இருபதில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த ஓட்டத்துக்கு இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது. பெரிய நிணநீர்க் குழாய்கள் தாமாகவே நிமிடத்துக்குச் சில தடவை சுருங்கித் தள்ளும். பின்னால் திரும்பாதபடி உள்ளே வால்வுகள் உண்டு. மீதியைத் தசை அசைவும் மூச்சும் பார்த்துக்கொள்கின்றன. ஆழமாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, வயிற்றிலிருந்து நிணநீர் மேலே ஏறும்.

நிணநீரை ஓடவைக்கும் மசாஜில் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. நிணநீர் முதலில் நுழைகிற குழாய்கள் தோலுக்குச் சற்றே கீழே, முடியைவிட மெல்லியவை. அவற்றின் சுவர் செல்கள் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொன்றையும் நுண்ணிய நார்கள் பந்தல் கயிறு போலச் சுற்றியுள்ள திசுவோடு கட்டியிருக்கும். தோல் லேசாக இழுபட்டால் நார் இழுக்கும், ஓட்டின் விளிம்பு தூக்கும், நீர் உள்ளே போகும். விட்டால் மூடிக்கொள்ளும். அழுத்திப் பிசைந்தால் குழாய் நசுங்குமே தவிர, உள்ளே ஒன்றும் நுழையாது.

இப்போதே செய்து பாருங்கள். வலது உள்ளங்கையை இடது முன்கைமேல் வையுங்கள். கை வழுக்காமல், தோலை மட்டும் முழங்கைப் பக்கமாக ஒரு அங்குலம் நகர்த்தி, பிறகு விட்டுவிடுங்கள். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற அழுத்தம் போதும். கையால் செய்யும் நிணநீர் மசாஜ் மொத்தமும் இந்த அசைவின் பல வடிவங்கள்தான். எண்ணெய் தொடக்கூடாது, எண்ணெய் இருந்தால் கை வழுக்கும், தோல் நகராது. நம் ஊரில் வலி என்றாலே நல்லெண்ணெயைக் காய்ச்சி நன்றாக உருவிவிடுவார்கள். தசைப்பிடிப்புக்கு அது சரி. நெறி எடுத்த கையில் அப்படி உருவி, மறுநாள் வீக்கம் கூடி வந்தவர்களை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். செய்தவர் பெரும்பாலும் பாசமான மகளாக இருப்பார், அவரிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம்.

இந்த மென்மையான முறையை உருவாக்கியவர்கள் எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் என்ற டேனிஷ் தம்பதி. 1930-களில் பிரான்சின் கான் நகரில் மசாஜ் செய்து பிழைத்தவர்கள். நாள்பட்ட சளியோடு வருகிறவர்களுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைக் கவனித்து, அந்தக் காலத்தில் யாரும் தொடத் துணியாத அந்த இடத்தை மெதுவாகத் தொட ஆரம்பித்தார்கள். 1936-ல் பாரிஸில் அதை வெளியே சொன்னார்கள். மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுநாள் பிடித்தது. பின்னர் ஜெர்மனியில் ஃபோல்டி என்ற டாக்டர் தம்பதி, இந்த மசாஜோடு பேண்டேஜ் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார்கள். இன்றும் நிணநீர் வீக்கத்துக்கு அடிப்படை அந்த நாலும்தான். மெஷின் ஐந்தாவதாகத்தான் வரும்.

சரி, மெஷினுக்கு வருவோம். பி.பி. பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை தெரியும்தானே? அதே மாதிரிப் பட்டைகள் நாலோ, எட்டோ, பன்னிரண்டோ வரிசையாகத் தைத்த நீளமான உறை ஒன்று. அதற்குள் கையையோ காலையோ விட்டு ஜிப்பை இழுத்துவிட வேண்டும். பக்கத்தில் டிபன்பாக்ஸ் அளவு மோட்டார். போட்டதும் லேசாக உறுமும். பாதத்துப் பை முதலில் உப்பும், அது இறுகியிருக்கும்போதே கணுக்காலில் அடுத்தது, அப்புறம் கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஏறும். உச்சிக்குப் போனதும் 'புஸ்' என்று எல்லாம் ஒன்றாகத் தளரும். அந்தத் தளர்வில்தான் பலருக்குக் கண் சொக்கும். கீழ்ப் பை இறுகியிருப்பதால் தள்ளப்பட்ட நீர் திரும்பிக் கீழே வராது. பழைய ஒற்றைப் பை மெஷின்களில் இந்த ஏற்பாடு இல்லை, எல்லாத் திசையிலும் பிதுக்கும். அந்த மாதிரி எங்கேயாவது கிடைத்தால் வாங்காதீர்கள்.

நிணநீர் வீக்கத்துக்கென்றே செய்த விலை கூடிய மெஷின்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கையில் ஆரம்பிக்காமல் முதலில் வயிறு, நெஞ்சு, தோள் பக்கத்துப் பைகள் ஓரிரு நொடி இறுகித் தளரும். அதாவது தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் காலிசெய்துவிட்டு, அப்புறம்தான் கையிலிருந்து தள்ளும். வோடர் தம்பதி கையால் செய்ததும் இதே வரிசைதான், கழுத்தில் தொடங்கித்தான் கைக்கு வருவார்கள். சாதாரண மசாஜ் மெஷினில் இந்தப் பகுதி கிடையாது. அது கையிலுள்ள நீரைத் தோள்வரை கொண்டுபோய் விடும். அக்குளில் மதகு இல்லாதவருக்குத் தோள்மூட்டுக்குக் கீழே, மார்பின் பக்கவாட்டில் அது நிற்கும். கால் வீக்கத்துக்கு மெஷின் போடுகிறவர்களில் சிலருக்குப் பிறப்புறுப்பில் வீக்கம் வந்ததை 1998-லேயே எழுதியிருக்கிறார்கள். நோயாளிகள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்வதற்கு என் சொந்தத் தப்பே போதும். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு வயதான அம்மா, இரண்டு காலும் முழங்கால்வரை வீக்கம். 40-ல் வைத்திருந்தேன். இந்த எண் பி.பி.க்குச் சொல்லும் அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. "கண்ணு, ஒண்ணுமே தெரியலையே, கொஞ்சம் கூட்டி வையேன்" என்றார். காசு கொடுத்து வருகிறார், ஏதாவது உறைக்க வேண்டாமா என்று எனக்கும் தோன்றியது. 80-க்கு ஏற்றினேன். நன்றாயிருக்கிறது என்று தூங்கியே போய்விட்டார். மறுநாள் கெண்டைக்கால் வற்றியிருந்தது. முழங்காலுக்கு மேலே மட்டும், ரப்பர் வளையம் போட்ட மாதிரி ஒரு வீக்கம். அதைக் கரைக்கப் பத்து நாள் கையால் மசாஜ் செய்து கட்டுக் கட்டினேன். நிணநீருக்கு 30 முதல் 60-க்குள்தான் பெரும்பாலும் வைப்போம். விளையாட்டு வீரர்கள் கால் அலுப்புக்குப் போடும் மெஷின்கள் 100-க்கு மேலும் போகும். அவர்களுடைய நிணநீர்க் குழாய்கள் முழுசாக இருக்கின்றன, தாங்கும். அந்த ரக மெஷின்களில் பேர்பெற்ற நார்மாடெக்கை, லாரா ஜேக்கப்ஸ் என்ற டாக்டர் முதலில் நிணநீர் நோயாளிகளுக்காகத்தான் தொடங்கினார், அப்புறம்தான் ஓட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வலி நிஜமாகவே குறையுமா என்று கேட்டால், குறையும். எந்த வலி என்பதுதான் கேள்வி. வீங்கிய கையில் இருப்பது பெரும்பாலும் கனமும் இழுப்பும். நீர் வடிந்தால் அது தானாக இறங்கும். வீக்கமே இல்லாத கால் உளைச்சலுக்கும் இதமாக இருப்பதற்கு வேறு காரணம். தோலில் படும் தொடுகைச் செய்தியும் வலிச் செய்தியும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் முட்டுகின்றன, தொடுகை முந்திக்கொண்டால் வலி பின்தங்கும். மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் சொன்னது இது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதனால்தான். தவிர, மெதுவாக வருடினால் மட்டும் துடிக்கிற நரம்பிழைகள் தோலில் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் தொடுகைதான் அவற்றுக்குப் பிடிக்கும். அம்மா தலை கோதிவிடுகிற வேகம். இதமும் உறக்கமும் அந்த வழியாக வருகின்றன.

ஆகவே அரைமணி நேரம் போட்டால் சுகமாக இருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன் என்றால், வாங்குவதற்கு அதுவே போதுமான காரணம். அதற்கு மேல் விஞ்ஞானச் சாயம் பூச வேண்டியதில்லை. ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் பொதுவாக அன்றைய வலி உணர்வுதான் குறைகிறது, அடுத்த ஓட்டத்தின் வேகம் கூடுவதாகப் பெரிதாகத் தெரியவில்லை. கழிவு வெளியேறும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். நிணநீர் போய்ச் சேர்வது ரத்தத்தில். கழிவைப் பார்த்துக்கொள்ள கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. மசாஜ் முடிந்து ஒருதரம் கூடுதலாகச் சிறுநீர் போகிறது என்றால், காலில் நின்ற தண்ணீர் போகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கால். காலையில் சரியாக இருந்து, சாயந்திரம் இரண்டு காலும் ஒரே மாதிரி கடுத்து, செருப்பு வார் பதிந்து, தூங்கி எழுந்தால் போய்விடுகிறது என்றால் பயமில்லை. முதுகைச் சாய்த்துப் படுத்து, காலைத் தலையணைமேல் வைத்து, குறைந்த அளவில் இருபது முப்பது நிமிடம் போடுங்கள். உறைக்குள் மெல்லிய பருத்தி லெக்கிங்ஸ் இருந்தால் வியர்வை ஒட்டாது. வாங்கும்போது அழுத்தம் எத்தனை என்று எண்ணில் காட்டுகிறதா பாருங்கள். 1, 2, 3 என்று மட்டும் இருந்தால் மூன்று என்பது எவ்வளவு என்று விற்கிறவருக்கே தெரியாது. பாதத்தையும் மூடும் உறையாக இருக்கட்டும், கெண்டைக்காலை மட்டும் பிடிக்கிறதில் பாதம் உப்பிக்கொள்ளும். காசில்லாத வழியும் உண்டு. பாடம் நடத்தும்போதே கரும்பலகைப் பக்கம் நின்று குதிகாலை ஒரு நிமிடம் ஏற்றி இறக்குங்கள். கெண்டைக்கால் தசையைவிட நல்ல பம்ப் எந்தக் கடையிலும் இல்லை.

ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலைத் தொட்டால் வலித்தால், மெஷின் பக்கமே போகாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தம் கட்டியிருக்கலாம். இதே ரக மெஷினை ரத்தக்கட்டு வராமல் தடுக்க ஆஸ்பத்திரியில் மாட்டுவார்கள். பக்கவாதம் வந்து நடக்க முடியாத 2,876 பேரை வைத்துச் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், மெஷின் போட்டவர்களில் 8.5 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 12.1 சதவீதம் பேருக்கும் முழங்காலிலோ தொடையிலோ ரத்தக்கட்டு வந்தது. ஆனால் கட்டிய பிறகு அமுக்கினால், அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்களுக்கும் கூடாது. காலில் நிற்கும் நீரையெல்லாம் ஏற்கெனவே திணறுகிற இதயத்துக்குத் தள்ளுவது ஆபத்து. நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்களும், ரத்த ஓட்டம் குறைந்து விரல் கறுத்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாட்டக்கூடாது. இறுக்கம் அதிகமானால்கூட அவர்களுக்குத் தெரியாது. அப்புறம், பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்குவது உண்டு. மெஷினுக்குக் காசு போடும் முன் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மா விஷயம் வேறு. முதலில், இது நிணநீர் வீக்கம்தானா, நோய் திரும்பி வந்ததால் வந்த வீக்கமா என்று ஆபரேஷன் செய்த இடத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷின் பேச்சே எடுக்கக்கூடாது. நிணநீர் வீக்கம்தான் என்றால், ஆரம்பத்திலேயே கேட்கிறீர்கள், நல்லது. சில மாத வீக்கம் இன்னும் நீராகத்தான் இருக்கும். கட்டை விரலால் அமுக்கிப் பிடித்தால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் அங்கே கொழுப்பும் நாரும் சேர்ந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எந்த மெஷினும் கொஞ்சம்தான் இறக்கும். நான் வேலை கற்றுக்கொண்டது காவிரி டெல்டாவில். அங்கே யானைக்கால் நோயாளிகள் நிறைய. கொசு கொண்டுவந்து விட்ட புழு, நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போன கால்கள், சில தேக்குக் கட்டை மாதிரி இருக்கும். அவர்களுக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது சோப்புப் போட்டுக் கழுவவும், விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்கவும்தான். சேற்றுப்புண் வழியாகக் கிருமி நுழைந்து, குளிர்க்காய்ச்சல் வந்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கும். அம்மாவின் கைக்கும் அதே விதி. காய்கறி நறுக்கும்போது வெட்டிக்கொள்ளாமல், பாத்திரம் தேய்க்கும்போது நகக்கண் கிழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை சிவந்து தகதகவென்று சுட்டால் அது தொற்று, அன்று மசாஜும் கிடையாது மெஷினும் கிடையாது, ஆன்டிபயாடிக்தான்.

நிணநீர் வீக்கம் பார்க்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மூன்று வாரம் கையால் மசாஜ் செய்து, அடுக்கடுக்காகக் கட்டுக் கட்டி வீக்கத்தை இறக்குவார். இறங்கிய அளவுக்குக் கம்ப்ரஷன் ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறை, அளவெடுத்துப் போட வேண்டும். பகலில் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்யணும். நம் ஊர் வெயிலில் இது தண்டனைதான், எனக்கும் தெரியும். ஆனால் மசாஜோ மெஷினோ இறக்கிய நீரைத் திரும்ப வராமல் பிடித்து வைப்பது அந்த ஸ்லீவ்தான். அதன் பிறகு, தினம் பிசியோவிடம் வர முடியாது, வீட்டிலேயே ஏதாவது வேண்டும் என்றால் மெஷின் நல்ல துணை. அப்போதும் மாட்டுவதற்கு முன்னால் ஐந்து தடவை வயிறு உப்ப மூச்சு, காரை எலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல வட்டம், வலது அக்குளில் உள்ளங்கையால் சில வட்டம். இதற்கு ஐந்து நிமிடம். விலை கூடிய மெஷின் தானாகச் செய்கிற முன்வேலையைக் கையால் செய்கிறீர்கள். மெஷின் 30-லிருந்து ஆரம்பிக்கட்டும். கழற்றியதும் தோளையும் மார்புப் பக்கவாட்டையும் தடவிப் பாருங்கள். அங்கே புதிதாக உப்பலாக இருந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வேலை. தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, அம்மாவின் இரண்டு கையையும் மணிக்கட்டிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஓர் இடமாக மேல்வரை சுற்றி அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள். காலையில் ஒருதரம், சாயந்திரம் ஒருதரம், ஒரு வாரத்துக்கு. இரண்டு கைக்கும் எங்கேயாவது 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அந்தத் தாளோடு போங்கள். இல்லாவிட்டாலும், ஜாக்கெட் கை பிடிக்கிறது, வளையல் தடம் பதிகிறது என்று அம்மா சொல்வதையும் அதிலேயே குறித்துக்கொண்டு போங்கள். அளக்கும்போது கை மேசைமேல் நீட்டி இருக்கட்டும். டேப்பை இழுத்துப் பிடிக்க வேண்டாம், தோலைத் தொட்டால் போதும்.